சாமியறைக் காற்று

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க கொரலுக்குப் பின்னால ஒரு லோரி நிக்குது லா. எஞ்சின ஆப் பண்ணாம.”

ஜோனத்தன் போனில் இதைச் சொன்னபோது நான் கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கோபம் வந்தால் கையை வெட்டிக்கொள்ளும் ஆள் நான்.

ஜோனத்தனுக்குப் பார்வை கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில், பார்வையற்றவர்களுக்கான ஒரு சின்ன ஒலிநூலகத்தில் வேலை பார்க்கிறார். என்னைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தே தமிழ்ப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவோம். அதைக் கேட்டுவிட்டு இது ஆகும், இது ஆகாது என்று சொல்கிறவர் அவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் அவர் ஆகாது என்று சொன்னதை ஆகும் என்று யாரும் மாற்றியது கிடையாது.

அப்போது நூலகத்துக்கு ஒரு நானூறு பக்க நாவல் வந்திருந்தது. வாசிக்க இரண்டு பேர் கேட்டிருந்தோம். ஒருவர் வானொலியில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி சந்திரகலாவாகிய நான். முதல் மூன்று அத்தியாயங்களை இருவரும் வாசித்துக் கொடுக்க வேண்டும், நன்றாக இருப்பவருக்கு நாவல். நான் அனுப்பியதைக் கேட்டுவிட்டுத்தான் ஜோனத்தன் லோரி என்கிறார். எனக்கு அந்த நாவல் வேண்டும். வேண்டும் என்றால் சும்மா வேண்டும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டும்.

“என்ன லோரி? மைக் ஒண்ணு, நான் ஒருத்தி, அவ்வளவுதான இருக்கோம்,” என்றேன்.

“கம்ப்யூட்டர் விசிறிக்கா. உங்களுக்குக் கேக்கல?”

கேட்கவில்லை. அதுதான் அவமானம். ஏனென்றால் சுங்கை வேயில் ஒரு ஏர்கான் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் சத்தப் பரிசோதனை அறையில் இருந்தவள் நான். கனமான கதவைச் சாத்திக்கொண்டு, ஓடுகிற ஏர்கானுக்கு முன்னால் உட்கார்ந்து, இதில் பேரிங் உரசுகிறது, இதில் இறக்கை கோணல் என்று காதால் கேட்டே திருப்பி அனுப்புவேன். எஞ்சினியர் திறந்து பார்த்தால் நான் சொன்னதுதான் இருக்கும். பிறகு என் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு கருவியை வைத்தார்கள். எனக்குக் கேக் வெட்டி, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அன்றிலிருந்து என்னைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் சொல்கிற பதில், “கலா சும்மாதான் வீட்ல இருக்கு.”

அப்படிப்பட்ட காதுக்கு, தன் கால்மாட்டில் ஓடுகிற விசிறி கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுப் போய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன். அணைத்த பிறகுதான் தெரிந்தது, அறை அதுவரை எவ்வளவு இரைந்துகொண்டிருந்தது என்று. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஜோனத்தன் சொன்னது சரி. லோரியேதான்.

நான் பதிவு செய்வது எங்கள் சாமியறையில். மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறை. ஜன்னல் கிடையாது, வீட்டிலேயே சத்தம் குறைந்த இடம் அதுதான். ஒரு பக்கம் முருகனும் அம்பாளும், எதிர்ப்பக்கம் என் மேசை. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல் அக்கம்பக்கம் எல்லாம் வேலைக்குப் போன பிறகு வாசிக்க உட்காருவேன். மூடிய அறை என்பதால் சீக்கிரம் சூடாகிவிடும். சூடானதும் விசிறிகள் வேகமெடுக்கும். கம்ப்யூட்டர் என் மகள் மாதவி விட்டுவிட்டுப் போனது. அவள் பினாங்கில் வேலைக்குச் சேர்ந்ததும், கேம் விளையாட வாங்கிய அந்தப் பெட்டி எனக்கு வந்தது. முன்பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்குகள். அம்பாளுக்கு எதிரே ஒரு டிஸ்கோ.

“பெட்டிய வெளிய வச்சிட வேண்டியதுதான?” என்றார் என் வீட்டுக்காரர் திருச்செல்வம். போர்ட் கிள்ளானில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், எதையும் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். வைத்துப் பார்த்தேன். வயர்கள் நடுவே வந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. அந்த இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டு நாய், ரொட்டிக்காரர் மோட்டார், எதிர் வீட்டு வாஷிங் மெஷின் எல்லாம் நாவலுக்குள் வந்துவிட்டன.

அடுத்து, இரைச்சலை நீக்கும் மென்பொருள். அதைப் போட்டு அனுப்பினால், “இப்ப நீங்க தண்ணி டேங்க்குக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குக்கா,” என்றார் ஜோனத்தன். “விசிறியோட சேத்து உங்க கொரலையும் கொஞ்சம் வழிச்சு எடுத்துடுச்சு. வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் டைம் இருக்கு. இன்னும் ரெண்டு வாரம். பாருங்க.”

பார்க்கிறேன் என்றேன். யாருக்கு யார் சத்தத்தைப் பற்றிச் சொல்வது என்று மனதுக்குள் பொருமினேன்.

பொருமலில் செய்கிற காரியம் உருப்படாது. பழைய மெத்தையைக் கிழித்து, பஞ்சை வெட்டி, பெட்டிக்குள் சுவரெல்லாம் ஒட்டினேன். சத்தம் நிஜமாகவே அடங்கியது. ஆகா என்று உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை வாசித்தேன். இருபதாவது நிமிடத்தில் திரை பட்டென்று கறுத்தது. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். சூடு தாங்காமல் தானாகவே அணைந்துவிட்டது, வாசித்ததும் போச்சு. பதினான்கு வருடம் ஏர்கான் தொழிற்சாலையில் இருந்தவள் காற்றை அடைத்துவிட்டுக் குளிர்ச்சியை எதிர்பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. பஞ்சைப் பிய்த்துக் குப்பையில் போட்டு, மேலே வாழைத்தோலைப் போட்டு மறைத்தேன்.

மறுநாள் பொறுமையாக உட்கார்ந்து யோசித்தேன். விசிறி ஏன் கத்துகிறது? காற்று கிடைக்காமல் கத்துகிறது. அதன் வாயைப் பொத்தி என்ன பயன்? மூச்சுவிட வழி கொடுத்தால் தானே அடங்கும். தொழிற்சாலையில் காற்றின் வழியைப் பார்க்கப் புகைக் குழாய் வைத்திருப்பார்கள். என்னிடம் இருந்தது ஊதுபத்தி.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, உள்ளே தெரிகிற மாதிரி, அந்த இடத்தில் சோற்றுத் தட்டை மூடுகிற பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினேன். கம்ப்யூட்டரைப் போட்டு, ஊதுபத்தியைக் கொளுத்தி முன்கண்ணாடியின் ஓரத்தில் பிடித்தேன். புகை கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த விரல் அகல இடுக்கில் நுழைய முட்டி மோதியது. உள்ளே போன கொஞ்சமும் மேலே சுற்றி, சூடாகி, திரும்ப முன்விசிறிக்கே வந்தது. மூன்று விசிறிகளும் ஒரே சூடான காற்றை ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொண்டிருந்தன. அதற்குத்தான் அத்தனை இரைச்சல்.

தரையில் உட்கார்ந்து ஊதுபத்தியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக்கொண்டிருந்தபோது திருச்செல்வம் வேலை முடிந்து வந்தார். வாசலில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, கம்ப்யூட்டரை நோக்கிக் கும்பிட்டார்.

“என்னங்க பண்றீங்க?”

“நீ பூச பண்ற. நான் கும்பிடுறேன். ஏன், தப்பா?”

சிரித்துச் சிரித்து எனக்கு ஊதுபத்தி கையைச் சுட்டுவிட்டது.

அடுத்த நாலு நாளும் எனக்குத் திருவிழாதான். முதலில் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மாதவியின் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் போனில் அலறினாள்.

“மா! அதுதான் அந்தக் கேஸோட அழகே! அது இல்லாட்டி அசிங்கமா இருக்கும் லா!”

“இங்க யாரு பாக்க வரா? கேக்கத்தான வராங்க,” என்றேன்.

கண்ணாடி இருந்த இடத்துக்கு, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய அலுமினியக் கம்பிவலை. ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலை காற்றைத் தடுத்தது, ஊதுபத்தி காட்டிக்கொடுத்துவிட்டது. அதனால் கண் கொஞ்சம் பெரிதான வலையாகத் தேடி வாங்கினேன். சின்ன விசிறிகள் மூன்றையும் எடுத்துவிட்டு, பெரிய விசிறிகள் இரண்டை முன்னால் வைத்தேன். சின்ன விசிறி அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும். பெரியது நிதானமாகச் சுற்றினாலே போதும். பெட்டியின் பின்பக்கத்தில், பழைய விசிறி இருந்த இடத்துக்கு நேரே, தகரத்திலேயே வெட்டிய கட்டம் கட்டமான தடுப்பு இருந்தது. காற்று அதில் பட்டுத்தான் சீட்டி அடித்தது. உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, தகரக் கத்திரியால் அந்தத் தடுப்பை வட்டமாக வெட்டி எறிந்தேன். விளிம்பை அரத்தால் ராவி, குழந்தை தொட்டாலும் கீறாத அளவுக்கு வழவழப்பாக்கினேன். தூள் ஒன்றுகூட உள்ளே தங்காமல் துடைத்த பிறகுதான் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன்.

இத்தனைக்கும் பிறகு மெல்லிதாக ஒரு முனகல் மிச்சமிருந்தது. காதைப் பெட்டியில் ஒட்டிக் கேட்டேன். விசிறி இல்லை, ஹார்ட் டிஸ்க். அது அதிர, தகரம் முழுவதும் அதிர்ந்தது. திருகுகளைக் கழற்றி, என் பாவாடைக்கு வாங்கி வைத்திருந்த எலாஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஹார்ட் டிஸ்க்கை அதில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டேன். பெட்டியின் காலுக்கு அறுந்துபோன ஜப்பான் சிலிப்பரின் ரப்பரை வெட்டி ஒட்டினேன். விசிறி வேகத்தை நிமிடத்துக்கு அறுநூறு சுற்றில் நிறுத்தினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தால் சூடு அறுபத்திரண்டு டிகிரி. முன்பு அணைந்துபோன நாளில் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

இப்போது ஊதுபத்திப் புகை முன்வலையில் நேராக நுழைந்தது. உள்ளே சூடான பாகங்களைத் தடவிக்கொண்டு பின்வட்டத்தின் வழியே ஒழுங்காக வெளியேறியது. எங்கேயும் தயங்கவில்லை, திரும்பவில்லை. அறை அமைதியாக இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காதபடி எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். சும்மா வீட்டில் இருக்கிறவள் செய்கிற காரியமா இது?

புதன்கிழமை சரஸ்வதி பூஜை வந்தது. வீட்டில் புத்தகங்களும், திருச்செல்வத்தின் பாதுகாப்புத் தொப்பியும் வாசலில் நிற்கிற காடியின் சாவியும், என் தையல் மெஷினும் பூஜைக்குப் போயின. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டிருந்தார். கம்பிவலை முழுக்க மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே மல்லிகைச் சரம். “ஒன்னோட ஆயுதமாச்சே இது,” என்றார். பூஜையில் வைத்த பொருளை மறுநாள்வரை தொடக்கூடாது. ஒரு நாள் கை விட்டுப் போகிறதே என்று தவிப்பாக இருந்தாலும், அந்த மனிதர் அதைப் போய் ஆயுதம் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை நல்ல நாள். சரத்தை எடுத்து வைத்தேன். சந்தனத்தைத் துடைக்க மனம் வரவில்லை, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். என் குரல், அதன் பின்னால் ஒன்றுமில்லை. இல்லை, ஒன்று இருந்தது. நான் மூச்சுவிட நிறுத்துகிற இடங்களில் ஒரு சின்னச் ‘சர்ர்’. துணி உரசுவதுபோல. வரும், போகும், மறுபடி வரும்.

ஹெட்போனைத் திருச்செல்வத்தின் காதில் மாட்டினேன். மூன்று தடவை கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல கலா. வானொலிக்காரர் வீட்ல மட்டும் ஒண்ணுமே இல்லாமலா இருக்கும்? இப்பவே அனுப்பு. யாருக்குக் கேக்கப் போவுது?”

“எனக்குக் கேக்குது,” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. எனக்குக் கேட்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு லோரி கேட்காத காதுக்கு இந்தத் துளிச் சத்தம் கேட்கிறது. பயமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

டார்ச் அடித்துத் தேடினேன். மல்லிகைச் சரத்தின் நார் ஒன்று, அரை விரல் நீளம், வலைக்குள் நுழைந்து விசிறி இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தது. கூடவே சந்தனம் காய்ந்து வலையின் கண்ணில் பாதியை அடைத்திருந்தது. நாரை உருவி எடுத்துக் காட்டினேன். திருச்செல்வத்தின் முகம் வாடிவிட்டது.

“நான்தான் கெடுத்துட்டேனா?”

“ஆமா, நீங்கதான். நானும்தான், தொடைக்காம விட்டேன்ல. ஒரு வாளி தண்ணி கொண்டாங்க,” என்றேன். வலையைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் அவரே தேய்த்துக் கழுவினார். ஒரு சின்னக் குங்குமப் பொட்டை மட்டும் பெட்டியின் தலையில், காற்றுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில், மறுபடி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று அத்தியாயங்களையும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். பன்னிரண்டரைக்கு முடித்து, கேட்டுப் பார்த்து, தம்ப் டிரைவில் ஏற்றிக்கொண்டு கோமுட்டர் ரயில் ஏறினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஜோனத்தனின் அறைக்குள் போனபோது மணி மூன்று.

அவர் ஹெட்போனை மாட்டி, தலையைச் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்து கேட்டார். பத்து நிமிடம். இருபது நிமிடம். நான் என் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹெட்போனைக் கழற்றினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“எந்த ஸ்டூடியோக்கா?”

“என்ன ஸ்டூடியோ?”

“வாடகைக்கு எடுத்துப் பேசியிருக்கீங்க. தப்பில்ல. ஆனா நானூறு பக்கத்துக்கும் ஸ்டூடியோ எடுக்க முடியாது லா. பாதியில வீட்டுக்கு வருவீங்க, லோரியும் திரும்பி வரும். இத நான் ஏத்துக்க முடியாதுக்கா.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சத்தம் இருக்கிறது என்று ஒரு தடவை, சத்தமே இல்லை என்று ஒரு தடவை, இரண்டுக்கும் நானே குற்றவாளியா?

“தம்பி, இப்ப கெளம்புங்க. எங்கூட கிள்ளானுக்கு வாங்க. உங்க காதால கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. அஞ்சு மணி ஆச்சுன்னா அது என் குத்தமில்ல.”

அவருக்கும் வீம்பு. கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கோமுட்டரில் ஒரு மணி நேரம் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டில் திருச்செல்வம், “வாங்க தம்பி, பசியாறுறீங்களா?” என்றார். “மொதல்ல கேக்கட்டும்,” என்று நான் ஜோனத்தனைச் சாமியறைக்குள் அழைத்துப்போய் ஸ்டூலில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அவர் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தார். பிறகு அசையாமல் இருந்தார். படிக்கு மேலே எங்கோ ஒரு பல்லி கத்தியது.

“சரி, கம்ப்யூட்டரப் போடுங்கக்கா.”

“காலையில இருந்து ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

“இல்ல.”

அவர் கையைப் பிடித்துப் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனேன். வெட்டிய வட்டத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று அவர் உள்ளங்கையில் பட்டது. கையை இழுத்துக்கொண்டார். திரும்ப நீட்டினார். அப்படியே தரையில் மண்டியிட்டு, பெட்டியின் மேல் காதை வைத்தார்.

“ஐயோ அக்கா,” என்றார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “பதினெட்டு வருசமா விசிறி கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்படி ஒண்ண நான் கேட்டதே இல்ல. இல்ல இல்ல, கேக்காம இருந்ததே இல்ல!”

பெட்டியை அணைத்து, திறந்து, அவர் விரல்களை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். வலை, பெரிய விசிறி, ராவிய விளிம்பு. தொங்குகிற ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டதும், “இது என்ன ரப்பர்?” என்றார். பாவாடை எலாஸ்டிக் என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டி, “சரியான எடம், சரியான இழுப்பு,” என்றார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

“நாவல் உங்களுக்குத்தான்க்கா. வானொலிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி. புஸ்தகத்துக்கு முன்னால பேர் சொல்லணும். இப்பவே பதிவு பண்ணிடலாமா?”

“நூல் பேரு, ஆசிரியர் பேரு, வாசிப்பு சந்திரகலா. அவ்வளவுதான?”

“ஒலிப்பதிவுன்னு ஒண்ணு வரும். எப்பவும் எங்க நூலகத்துப் பேர்தான் சொல்லுவோம். இதுல நாங்க ஒண்ணும் பண்ணல. உங்க பேரச் சொல்லுங்க.”

மைக்கைப் போட்டேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நூலின் பெயரைச் சொன்னேன், ஆசிரியர் பெயரைச் சொன்னேன், வாசிப்பு சந்திரகலா என்று சொன்னேன். “ஒலிப்பதிவு” என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் குரல் வரவில்லை. ஆயிரக்கணக்கான ஏர்கானைக் கேட்டு அனுப்பியிருக்கிறேன், எதிலும் என் பெயர் போனதில்லை. ஜோனத்தன் ஒரு விரலைத் தூக்கி, மறுபடி என்றார். இரண்டாவது தடவையும் உடைந்தது, மூன்றாவதும் உடைந்தது. நாலாவது தடவைதான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒழுங்காகச் சொன்னேன்.

இன்று நூலகத்தில் இருப்பது அந்த நாலாவது. ஆனால் முதலாவதை நான் அழிக்கவில்லை, எனக்கென்று வைத்திருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை தன் பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் மூக்கை உறிஞ்சுகிறாள். ஒவ்வொரு மூச்சும் அவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது.